பால் சங்க வாசலில் நடந்த காலநிலைக் கூட்டம்: அழைத்தவரின் மதிப்புரை

கோவையிலிருந்து இயங்கும் ஒரு சிறிய தன்னார்வக் குழு, அழைக்கும் ஊர்களுக்கு நேரில் வந்து, காலநிலை மாற்றத்தால் அந்தந்த ஊருக்கு வரக்கூடிய ஆபத்துகளைப் பற்றி அரை நாள் கூட்டம் நடத்திக் கொடுக்கிறது. கட்டணம் ரூ.5,000, வண்டிச் செலவு தனி. வருபவர்கள் மூவர்: வேளாண்மை படித்த ஓர் இளம்பெண், பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர், படங்களையும் கருவிகளையும் கவனித்துக்கொள்ளும் இளைஞர் ஒருவர். சென்ற ஆண்டு வைகாசியில் ஒரு முறையும் ஐப்பசியில் ஒரு முறையும் அவர்களை எங்கள் ஊருக்கு வரவழைத்தோம். ஊர் சென்னிமலைக்குப் பக்கத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. பாசன சபையின் செயலாளர் என்ற முறையில் அழைத்தவன் நான்; கீழே சொல்லப்போகும் நிறைகுறைகள் எல்லாம் கூடவே உட்கார்ந்து பார்த்தவை.

அழைக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிட முடியாது. எங்கள் ஊரில் மழை பொய்த்தாலும் கட்சிப் பேச்சுதான், மழை கொட்டினாலும் கட்சிப் பேச்சுதான். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டில் சராசரியாகப் பெய்யவேண்டிய சுமார் 440 மி.மீ. மழைக்கு 168 மி.மீ. மட்டுமே பெய்தது, 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவை என்று அரசு அறிவித்தது. அந்த ஆண்டு எங்கள் பக்கம் ஆயிரம் அடிக்கு போர் போட்டவர்களுக்கும் புகைதான் வந்தது. தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. அதைப் பற்றிச் சபையில் பேசத் தொடங்கினால், ஐந்தே நிமிடத்தில் பேச்சு எந்த ஆட்சியில் அணை தூர்ந்தது, எந்த ஆட்சியில் குளம் ஆக்கிரமிக்கப்பட்டது என்று திரும்பிவிடும். காலநிலை மாற்றம் என்பது அதிகாரிகள் தங்கள் பிழையை மறைக்கக் கண்டுபிடித்த சாக்கு என்று ஒரு தரப்பு சொல்லும். அப்படிச் சொல்பவர்களுக்கு அறிவில்லை என்று மறுதரப்பு சொல்லும். அடுத்த வறட்சிக்கு எந்தப் பயிரைக் குறைப்பது, எந்தக் கிணற்றை யாரோடு பங்கிடுவது என்ற பேச்சு எடுக்கப்படாமலே கூட்டம் கலைந்துவிடும். இப்படி மூன்று கூட்டங்கள் கலைந்த பிறகுதான் வெளியாட்களை அழைக்கலாம் என்று முடிவு செய்தோம்.

இந்தப் பிளவின் வடிவம் இடத்துக்கு இடம் வேறு என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் மக்கள் பிரிந்து நிற்பது, பூமி சூடாவது உண்மையா, அதற்கு மனிதர்கள் காரணமா என்ற அடிப்படைக் கேள்வியிலேயே. பாப் இங்லிஸ் என்ற தென் கரோலினாவின் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் 2010இல் தம் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே தோற்றதற்கு, காலநிலை மாற்றத்தை அவர் ஏற்றுப் பேசியதும் ஒரு காரணம். டான் கஹான் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அறிவியலும் கணக்கும் நன்றாகத் தெரிந்த அமெரிக்கர்களிடையே இந்தப் பிளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது தெரியவந்தது. தமிழ்நாட்டில் பெரிய கட்சி எதுவும் காலநிலை மாற்றத்தை மறுப்பதில்லை. மாநில அரசு 2022இல் அதற்கென ஓர் இயக்கத்தையே தொடங்கியது. நாங்கள் பிரிந்து நிற்பது பழியிலும் பெருமையிலும் தண்ணீர்ப் பங்கிலும். அத்திக்கடவு–அவினாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டபோது, 1,045 ஏரி குளங்களுக்குத் தண்ணீர் போகும் என்ற செய்தியைவிட அந்தப் பெருமை யாரைச் சேரும் என்பதே எங்கள் பக்கத்து டீக்கடைகளில் நெடுநாள் பேச்சாக இருந்தது. அந்தத் திட்டம் எடுப்பது பவானி ஆற்றின் உபரி நீரை. உபரி என்ற ஒன்று எந்தெந்த ஆண்டுகளில் இருக்கும் என்று கேட்டவர் அன்று எவருமில்லை. ஆகவே, அமெரிக்கப் பிளவுக்கென்று தயாரித்த மருந்தை இவர்கள் எங்களுக்குக் கொடுப்பார்களா, எங்கள் நோயைப் பார்த்துக் கொடுப்பார்களா என்பதையே முதலில் கவனித்தேன்.

இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே அவர்கள் பாதி வெற்றி பெற்றுவிட்டார்கள். திருமண மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னபோது, அந்தப் பெண் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி மண்டபம் யாருடையது என்பது. இரண்டாவது கேள்வி, ஊரில் எல்லாக் கட்சிக்காரர்களும் நாள்தோறும் எங்கே வருகிறார்கள் என்பது. யோசித்துப் பார்த்தால் அப்படிப்பட்ட இடம் பால் சங்கம் ஒன்றுதான். எந்தக் கரை வேட்டி கட்டியவரும் மாலையில் கேனோடு அங்கே வந்து நின்றாக வேண்டும். மாலைப் பால் ஊற்றி முடிந்ததும் சங்க வாசலிலேயே கூட்டம் தொடங்கும் என்று முடிவாயிற்று. தலைவர்கள் படம் போட்ட பதாகை கூடாது, முன்வரிசையில் தனி நாற்காலிகள் கூடாது, பொன்னாடை கூடாது என்று அவர்கள் விதித்த நிபந்தனைகளால் எங்கள் சபைத் தலைவருக்குச் சற்று வருத்தம் இருந்தது உண்மை. ஆனால் பால் ஊற்ற வந்த பெண்கள் அப்படியே உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் சபையின் எந்தக் கூட்டத்திலும் அத்தனை பெண்களை நான் பார்த்ததில்லை.

கூட்டம் கார்பனிலிருந்து தொடங்கவில்லை. "ஏனுங்க பெரியம்மா, சித்திரையில உங்க மாட்டுக்கு எத்தனை லிட்டர் குறையுதுங்க?" என்று அந்தப் பெண் முன்னால் இருந்த ஒரு மூதாட்டியைக் கேட்டார். அந்தக் கேள்வி அரை மணி நேரத்துக்குப் பதில்களைக் கொண்டுவந்தது. பால் குறைவது மட்டுமன்றி ஃபேட்டும் (பாலின் கொழுப்பு) எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) இறங்குவதால் விலையும் குறைவதை ஒருவர் சொன்னார். கலப்பின மாடு வெயில் தாங்காமல் நாக்கைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைப்பதையும் அதே கட்டுத்தரையில் காங்கேயம் மாடு அசைபோட்டபடி நிற்பதையும் இன்னொருவர் சொன்னார். சினைப் பிடிக்காமல் மூன்று முறை ஊசி போட்ட கதையை மூன்றாமவர் சொன்னார். 2024 ஏப்ரலில் ஈரோட்டில் பல நாட்கள் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெயில் அடித்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. இரவிலும் சூடு தணியாவிட்டால் பசுவின் உடல் பகலில் வாங்கிய வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் தீவனம் எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது, அதனால்தான் பால் இறங்குகிறது என்று அந்தப் பெண் விளக்கியபோது, அதை மறுக்க வேண்டிய தேவை எந்தக் கட்சிக்காரருக்கும் ஏற்படவில்லை. பால் கணக்குப் புத்தகம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. சாட்சியை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் ஐயாயிரம் கொடுத்திருந்தாலும் தகும் என்று எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு ஆசிரியர் எழுந்தார். தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது என்பதையும், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இலிருந்து அதை அளந்து வருகிறார்கள் என்பதையும் சொல்லி, பசுமைக்குடில் விளைவுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் மானியத்தில் பசுமைக்குடில் போட்டு வெள்ளரியும் குடைமிளகாயும் வைத்தவர்கள் இருக்கிறார்கள். சித்திரை நடுப்பகலில் அதற்குள் நின்றவருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. உங்கள் குடிலில் சூடு தங்குவது பெரும்பாலும் காற்று வெளியேற முடியாததால், வானத்தில் நடப்பது பூமி வெளிவிடும் வெப்பக் கதிரை வாயுக்கள் பிடித்துக்கொள்வதால், இரண்டும் ஒன்றில்லை என்று அவரே திருத்தியும் சொன்னார். உவமை எதுவரை பொருந்தும் என்று கோடு போட்டுக் காட்டியதால் அவர்மேல் மரியாதை கூடியது.

அப்போது எண்பதைக் கடந்த ஒரு பெரியவர், "தாது வருஷத்துப் பஞ்சத்துக்கு எந்த ஆலைப் புகைங்க காரணம்?" என்று கேட்டார். 1876–78 பஞ்சத்தைப் பற்றி அவருடைய அப்பாரு, அதாவது தாத்தா, சொன்னது அவர் காதில் இன்னும் இருக்கிறது. இந்தக் கேள்வியை அவமதித்துவிட்டால் கூட்டம் அங்கேயே இரண்டாகியிருக்கும். ஆசிரியர் அவரைக் கைகூப்பி வணங்கிவிட்டு, பஞ்சம் அன்றும் வந்தது, இனியும் வரும், கடலின் ஏற்ற இறக்கங்களால் மழை தவறுவது மனிதர்கள் புகை விடுவதற்கு முன்பே உள்ளதுதான் என்று ஒத்துக்கொண்டார். இன்று கூடியிருப்பது அந்த வறட்சி வந்து விழும் தரையின் சூடு. அதே அளவு மழை தவறினாலும் மண் முன்பைவிட வேகமாகக் காய்கிறது, பயிர் கூடுதலாகத் தண்ணீர் கேட்கிறது என்றார். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்யாத நாட்கள் நீள்வதும் பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும் ஒரே காரணத்திலிருந்து வர முடியும் என்றும் சொன்னார். "வறட்சிக்கும் அதைத்தான் சொல்றீங்க, வெள்ளத்துக்கும் அதைத்தான் சொல்றீங்க" என்று எங்கள் ஊரில் வழக்கமாக எழும் எதிர்ப்புக்கு இவ்வளவு நேரான பதிலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. 2016இன் வறட்சி முழுவதையும் காலநிலை மாற்றத்தின் தலையில் கட்ட அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்புக்குப் பிறகுதான், சாக்கு என்று சொல்லிவந்த தரப்பு காது கொடுக்கத் தொடங்கியது.

புளியங்கொட்டை விளையாட்டைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரு சொப்பில் நூறு புளியங்கொட்டைகள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சுண்ணாம்பு தடவியிருந்தார்கள். நூறு ஆண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம் என்றால் நூறாண்டு கழித்துத்தான் மறுபடி வரும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆண்டுக்கு ஒருவராக எழுந்து ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடவேண்டும். முதல் சுற்றில் பதினோராம் ஆளின் கையிலேயே வெள்ளைக் கொட்டை வந்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது அது கையில் வர நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு உண்டு என்று பிறகு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பூமி சூடாவதென்பது சொப்பில் வெள்ளைக் கொட்டைகளைக் கூட்டுவது போன்றது என்று அந்த இளைஞர் இன்னும் சில கொட்டைகளுக்குச் சுண்ணாம்பு தடவிப் போட்டபோது, பின்னால் நின்ற பிள்ளைகள்கூட அமைதியாகிவிட்டார்கள்.

இவ்வளவு நன்றாக எண்ணைக் கையாண்டவர்கள், சொல்லைக் கையாள்வதில் தவறினார்கள் என்பது என் முதல் குறை. படக்காட்சி முழுவதும் "வாய்ப்புள்ளது" என்ற ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு தன் அறிக்கைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறது. ஒரு சொல் 66 விழுக்காட்டுக்கும் மேல், அதற்கு அடுத்தது 90 விழுக்காட்டுக்கும் மேல் என்று. அப்படி அளவு வைத்தும்கூட, படிப்பவர்கள் அந்தச் சொற்களை அறிவியலாளர்கள் கருதியதைவிடத் தளர்வாகவே புரிந்துகொள்கிறார்கள் என்று டேவிட் புடெஸ்கு என்ற உளவியலாளரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழில் நிலைமை இன்னும் கடினம். "ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்புள்ளது" என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பல்லாயிரம் முறை கேட்டுக் கேட்டு, அந்தச் சொல் எங்கள் காதுக்கு "வந்தாலும் வரும், வராமலும் போகும்" என்றே ஆகிவிட்டது. பத்தில் ஒன்பது முறை நடக்கக்கூடியதையும் பத்தில் மூன்று முறை நடக்கக்கூடியதையும் அதே சொல்லால் சொன்னால், கேட்பவர் இரண்டையும் தமக்கு வசதியான அளவில்தான் எடுத்துக்கொள்வார். வசதி என்பது பெரும்பாலும் அவருடைய கட்சி சொல்வதுதான். "பத்து வருஷத்தில் எட்டு வருஷம்" என்று பேச்சு வழக்கிலேயே சொல்லியிருக்கலாம். புளியங்கொட்டையை யோசித்தவர்களுக்கு இது தோன்றாமல் போனது வியப்பு.

நிறங்களையும் அவர்கள் கவனிக்கவில்லை. வெப்பநிலை வரைபடத்தில் பத்தாண்டுக்கு ஒரு நிறமாகத் தீட்டியிருந்தார்கள். ஒரு பட்டை கறுப்பும் சிவப்புமாக, அடுத்தது பச்சையாக. நிறம் பார்த்தே ஆளை அறியும் ஊரில், வரைபடத்தை விரித்தவுடன் எழுந்த முதல் கேள்வி, அது எந்த ஆட்சிக் காலம் என்பது. சூட்டைக் காட்ட ஒரே நிறத்தின் மங்கலும் அழுத்தமும் போதும். திருத்திக்கொள்வதாகச் சொன்னார்கள், ஐப்பசியில் வந்தபோது திருத்தியும் இருந்தார்கள்.

கொடுத்துச் சென்ற எட்டுப் பக்கக் கையேட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். அட்டையில் பனிக்கரடி. உள்ளே தணிப்பு, தகவமைப்பு, கார்பன் தடம் என்று, கூட்டத்தில் ஒரு முறையும் வாயில் வராத சொற்கள். கடைசிப் பக்கத்தில் 2050க்குள் கொங்கு நாடு பாலைவனமாகும் என்று பெரிய எழுத்தில் ஒரு வரி. இதற்கு ஆதாரம் என்ன என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அச்சிட்டது வேறொருவர் என்றும் தமக்கே அதில் உடன்பாடில்லை என்றும் நேர்மையாகச் சொன்னார். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் எங்கள் காடுதோட்டங்களுக்கு வறட்சியின் அச்சத்தைப் புதிதாக ஊட்ட வேண்டியதில்லை. மிகைப்படுத்திய ஒரு வரி, சரியாகச் சொன்ன நூறு வரிகளையும் மறுக்க விரும்புகிறவர் கையில் ஆயுதமாகிவிடும். எங்கள் ஊரில் அது நடந்தது: கூட்டம் முடிந்த மறுநாளே அந்தக் கடைசிப் பக்கம் மட்டும் படமெடுக்கப்பட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது, பாலும் புளியங்கொட்டையும் சுற்றவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை வைகாசிக் கூட்டத்தின் கடைசியில் நேர்ந்தது. வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒருவர், வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவது காலநிலை மாற்றத்துக்கு ஏற்றதா, எதிரானதா என்று கேட்டார். வெளியூர் வாசகர்களுக்குச் சிறிது விளக்கம் தேவை. 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கி.மீ. ஓடி 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாயும் கீழ்பவானி வாய்க்கால், மண் வாய்க்காலாக வெட்டப்பட்டது. ரூ.700 கோடிக்கு மேல் செலவிட்டு அதைச் சீரமைத்துக் கான்கிரீட் தளமும் கரையும் அமைக்கும் திட்டத்துக்கு 2020இல் அனுமதி கிடைத்ததிலிருந்து விவசாயிகள் இரண்டாக நிற்கிறார்கள். கசியும் நீர்தான் வாய்க்கால் ஓரத்துக் கிணறுகளுக்கும் கசிவுநீர்க் குட்டைகளுக்கும் உயிர் என்பது ஒரு தரப்பு; கசிவில் போனது போக மிச்சம்தான் கடைமடைக்கு வருகிறது என்பது மறுதரப்பு. உண்ணாவிரதங்களும் வழக்குகளும் நடந்த விவகாரம் இது; உறவுக்குள்ளேயே பேச்சு நின்ற குடும்பங்கள் உண்டு.

அந்தக் கேள்விக்கு அந்தப் பெண் சொன்ன பதில்: "அது அரசியலுங்க ஐயா, இங்கே வேண்டாமுங்க." அவர் கருதியது நல்லதைத்தான். ஆனால் அந்த நிமிடத்தில் கூட்டத்தின் முகம் மாறியதைப் பார்த்தேன். சூடு கூடும், மழை தாறுமாறாகும், தண்ணீர்ப் பற்றாக்குறை வரும் என்றெல்லாம் இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டவரை வாயடைத்தால், சொன்னதற்கெல்லாம் என்ன பயன்? இருபது பேராவது எழுந்து போனார்கள். இரு தரப்பிலிருந்தும் போனார்கள். பிளவுபட்ட மக்களிடம் பேசுவதென்பது பிளவைத் தொடாமல் சுற்றிப்போவது என்று இந்தக் குழு எண்ணியிருந்தது. நான் அப்படி எண்ணவில்லை. அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. எத்தனை தண்ணீர் கசிகிறது, வெயில் கூடினால் எத்தனை ஆவியாகும், எந்தக் கிணறு எத்தனை அடி இறங்கும் என்பவை அளந்து அறியவேண்டியவை. அவற்றில் கட்சிக்கு இடமில்லை. கிணற்றுக்காரருக்கா, கடைமடைக்காரருக்கா, யாருக்கு முதலில் என்பது நாங்கள் பேசி முடிவுசெய்ய வேண்டியது. அதில் அறிவியலாளர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டையும் பிரித்துக் கொடுத்திருந்தால் அவர்களுடைய வேலை முழுமை பெற்றிருக்கும். இதை நான்கு பக்கக் கடிதமாக எழுதி அனுப்பினேன்.

ஐப்பசியில் அவர்கள் கட்டணம் வாங்காமல் மறுபடி வந்ததே அந்தக் கடிதத்துக்குப் பதில். இம்முறை வாய்க்கால்தான் பொருள். கான்கிரீட்டை வேண்டுகிற ஒருவரும் எதிர்க்கிற ஒருவரும் முன்னால் வந்து, தம் வாதத்தைச் சொல்வதற்கு முன், எதிராளியின் வாதத்தை எதிராளியே "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி சொல்லவேண்டும் என்று வைத்தார்கள். கடைமடைக்காரர் இரண்டாம் முயற்சியில் சொல்லிவிட்டார். 2017 கோடையில் வாய்க்காலோரத்துக் கிணறு வற்றியபோது தென்னையை வெட்டிய ஒருவரின் கதையைத் தன் கதைபோல அவர் சொன்னபோது, எதிரில் நின்றவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் தம் முறை வந்தபோது அவரால் சொல்ல முடியவில்லை. பாதியிலேயே தம் வாதத்துக்குத் திரும்பிவிட்டார், மூன்று முறையும். ஆயினும் எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். தகராறு தீரவில்லை. வாய்க்காலோரத்திலும் கடைமடையிலுமாகப் பன்னிரண்டு கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளப்பது என்று மட்டும் ஒப்புக்கொண்டோம். அளக்கப் போவது இரு தரப்பிலிருந்தும் ஒவ்வொருவர். பதிவேடு பால் சங்கத்தில் தொங்குகிறது.

அழைக்க விரும்புகிறவர்களுக்குச் சில விவரங்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வானிலைத் துறையும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் இலவசமாகத் தரும் வேளாண் வானிலை அறிவிப்புகளுக்கு இது மாற்றாகாது. அவை அடுத்த சில நாட்களுக்கு உரியவை, இது அடுத்த சில பத்தாண்டுகளுக்கு உரியது. மூன்று வாரங்களுக்கு முன் சொல்லவேண்டும். ஊரின் உண்மையான தகராறு எது என்பதை முதல் தொலைபேசிப் பேச்சிலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள், அதைப் பற்றிப் பேசத்தான் அழைக்கிறோம் என்றும் சொல்லுங்கள். இல்லையென்றால் எங்கள் வைகாசிக் கூட்டம்தான் உங்களுக்கும் கிடைக்கும். கையேட்டை வாங்கினால் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுங்கள். ஆகஸ்டில் வாய்க்காலில் தண்ணீர் திறப்பதற்கு முன், ஆடி மாதத்தில் ஒரு நாளை நாங்கள் மூன்றாம் கூட்டத்துக்குக் கேட்டிருக்கிறோம். அதற்குள் பன்னிரண்டு கிணறுகளில் ஒன்பது மாத அளவு கையில் இருக்கும்.